பழங்குடிகள் உரிமைச் சாற்றுரை நடைமுறைப்படுத்தல் சட்டம் (வடமேற்கு நிலப்பகுதிகள்)

பழங்குடிகள் உரிமைச் சாற்றுரை நடைமுறைப்படுத்தல் சட்டம் என்பது கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகள் சட்டமன்றம் அக்டோபர் 2023 இல் நிறைவேற்றிய ஒரு சட்டம் ஆகும். பழங்குடிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சாற்றுரையை (பிரகடனத்தை) அந்நிலப்பகுதியின் சட்டங்களிலும் நிர்வாகத்திலும் செயற்படுத்துவது இதன் நோக்கம். கனடாவின் மாகாணங்கள், நிலப்பகுதிகள் ஆகியவற்றுள் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது பிரித்தானியக் கொலம்பியா. வடமேற்கு நிலப்பகுதிகள் இரண்டாவது.

வடமேற்கு நிலப்பகுதிகளின் சட்டமன்றத்தில் அரசியல் கட்சிகள் இல்லை. அங்கு நடைபெறுவது கருத்திணக்க ஆட்சி எனப்படுகிறது. அதனால் இச்சட்டத்தை நடைமுறைப்படுத்த இருவகை இணக்கங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களுக்குள் ஏற்படவேண்டிய இணக்கம். மற்றொன்று, சட்டமன்றத்துக்கு வெளியே உள்ள பழங்குடி அரசுகளுடன் ஏற்படவேண்டிய இணக்கம். இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பதே இச்சட்டம் எழுப்பும் முதன்மையான கேள்வி ஆகும்.

நிலமும் மக்களும்

வடமேற்கு நிலப்பகுதிகளின் பரப்பளவு ஏறத்தாழ 13 இலட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 41,070. இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பழங்குடியினர். டெனே, இனுவியாலுயிட், மெட்டிஸ் ஆகியோர் இவர்களில் முக்கிய மக்கள் குழுக்கள். மொத்தம் 33 ஊர்கள் உள்ளன. மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி தலைநகர் யெலோநைஃப்பில் வாழ்கிறது. தலைநகரில் பழங்குடியினர் சிறுபான்மையினர். பெரும்பாலான சிற்றூர்களில் அவர்களே பெரும்பான்மையினர். இங்கு அலுவல் மொழிகள் 11. அவற்றுள் 9 பழங்குடி மொழிகள்.

கருத்திணக்க ஆட்சி

சட்டமன்றத்தில் 19 உறுப்பினர்கள் உள்ளனர். இவர்கள் அனைவரும் சுயேச்சைகளாகப் போட்டியிட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். தேர்தலுக்குப் பின் அவர்கள் ஒன்றுகூடி, மறைமுக வாக்கெடுப்பின் மூலம் அவைத்தலைவரையும் முதல்வரையும் ஆறு அமைச்சர்களையும் தெரிவு செய்கின்றனர். எஞ்சிய 11 பேர் அமைச்சரல்லாத உறுப்பினர்கள்.

இதனால் அமைச்சரவை எப்போதும் சிறுபான்மையாகவே இருக்கும். ஏழு பேர் கொண்ட அமைச்சரவை, 11 பேரில் சிலரது ஆதரவைப் பெறாமல் எந்தச் சட்டத்தையும் வரவுசெலவுத் திட்டத்தையும் நிறைவேற்ற இயலாது. அமைச்சரல்லாத உறுப்பினர்கள் நிலைக்குழுக்களில் இருந்து, சட்ட முன்வரைவுகளையும் செலவுத் திட்டங்களையும் ஆய்வு செய்கின்றனர். கட்சி ஆட்சியில் எதிர்க்கட்சிக்குக் கிடைக்காத தகவல்கள் பல இவர்களுக்கு முன்னதாகவே தரப்படுகின்றன. இத்தகைய நடைமுறைகள் எழுத்துவடிவிலான மரபுகளாக வகுக்கப்பட்டுள்ளன.

கருத்திணக்கம் என்பது இங்கு ஒருமனதான முடிவைக் குறிப்பதன்று. அவையில் வாக்கெடுப்பு நடக்கும். எளிய பெரும்பான்மை போதும். இம்முறை டெனே, இனுவிட் மக்களின் கலந்து பேசி முடிவெடுக்கும் மரபிலிருந்து வந்தது எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. ஆனால் அமைச்சரவைப் பொறுப்பு, அவை நடைமுறை, சட்டம் இயற்றும் படிநிலைகள் ஆகியவை பிரித்தானிய நாடாளுமன்ற மரபைச் சார்ந்தவை. கருத்திணக்க ஆட்சியை நெடுங்காலம் ஆய்ந்த டொராண்டோப் பல்கலைக்கழக அரசறிவியலாளர் கிரகாம் ஒயிட் இதனைச் சுட்டிக்காட்டியுள்ளார். இவ்வேறுபாடு முக்கியமானது. அவைக்குள் கருத்திணக்கம் உள்ளது என்பதாலேயே பழங்குடி மக்களின் இசைவு கிடைத்துவிட்டது என்று ஆகாது.

ஐக்கிய நாடுகள் சாற்றுரை

இச்சாற்றுரையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை செப்டம்பர் 13, 2007 அன்று ஏற்றுக்கொண்டது. 144 நாடுகள் ஆதரித்தன. 11 நாடுகள் வாக்களிக்கவில்லை. கனடா, ஐக்கிய அமெரிக்கா, ஆசுத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கும் எதிர்த்தன. பின்னர் நான்கு நாடுகளும் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன. கனடா 2010 இல் ஆதரவு தெரிவித்தது. 2016 இல் அந்த ஆதரவை முழுமையானதாக அறிவித்தது.

சாற்றுரையில் 46 உறுப்புரைகள் உள்ளன. ஆட்சி நடத்துவோருக்குக் கூடுதலாகப் பொருந்துவன சில:

- உறுப்புரை 3: பழங்குடி மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு.
- உறுப்புரை 4: தம் உள் அலுவல்களில் அவர்களுக்குத் தன்னாட்சி உண்டு.
- உறுப்புரை 18: தம்மைப் பாதிக்கும் முடிவுகளில், தாமே தெரிவு செய்த சார்பாளர்கள் வழியாகப் பங்கேற்கும் உரிமை உண்டு.
- உறுப்புரை 19: அவர்களைப் பாதிக்கும் சட்டங்களை இயற்றுமுன், அவர்களது சொந்த அமைப்புகளுடன் நல்லெண்ணத்தோடு கலந்து பேசி இசைவைப் பெற அரசு முயல வேண்டும். அந்த இசைவு வற்புறுத்தல் இன்றியும், முன்கூட்டியும், உரிய தகவல் அறிந்தும் தரப்பட்டதாக இருத்தல் வேண்டும்.
- உறுப்புரை 32: நிலத்தையும் வளங்களையும் பாதிக்கும் திட்டங்களுக்கும் அத்தகைய இசைவு நாடப்பட வேண்டும்.
- உறுப்புரை 38: சாற்றுரையின் நோக்கங்களை நிறைவேற்ற, சட்டம் உட்பட உரிய நடவடிக்கைகளை அரசுகள் எடுக்க வேண்டும்.

சாற்றுரை தன்னளவில் ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் அன்று. எனவே அதனை உள்நாட்டில் செயற்படுத்தத் தனிச்சட்டங்கள் தேவை என்ற கருத்து வலுப்பெற்றது. பிரித்தானியக் கொலம்பியா நவம்பர் 2019 இலும், கனடிய நாடாளுமன்றம் சூன் 2021 இலும் அத்தகைய சட்டங்களை இயற்றின. கூட்டரசுச் சட்டத்தின் செயற்திட்டம் சூன் 2023 இல் வெளியானது.

வரலாற்றுப் பின்னணி

வடமேற்கு நிலப்பகுதிகளில் பிரித்தானிய முடியரசும் டெனே மக்களும் இரு உடன்படிக்கைகளைச் செய்துகொண்டனர். எட்டாம் உடன்படிக்கை 1899 இலும், பதினோராம் உடன்படிக்கை 1921 இலும் கையொப்பமாயின. உடன்படிக்கைகளின் ஆங்கில வாசகம் நிலம் ஒப்படைக்கப்பட்டதாகக் கூறுகிறது. அமைதியும் நட்புமே பேசப்பட்டன, நிலம் கொடுக்கப்படவில்லை என்பது டெனே மூத்தோர் வழிவழியாகக் கூறிவரும் விளக்கம். 1973 இல் நிலப்பகுதியின் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் மொரோ, ஊர் ஊராகச் சென்று மூத்தோரின் சாட்சியத்தைக் கேட்டார். நில உரிமை ஒழிந்துவிட்டது என்பது ஐயத்துக்குரியது என அவர் முடிவு செய்தார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தொழினுட்பக் காரணங்களுக்காக மாற்றப்பட்டது. எனினும் பேச்சுவார்த்தைக்கு அது வழி திறந்தது.

1974 முதல் 1977 வரை நீதிபதி தாமசு பெர்கர் தலைமையில் மெக்கென்சி பள்ளத்தாக்குக் குழாய்வழி விசாரணை நடைபெற்றது. நில உரிமைகள் தீர்க்கப்படும்வரை பள்ளத்தாக்கில் குழாய்வழி அமைப்பதைப் பத்து ஆண்டுகள் ஒத்திவைக்க வேண்டும் என அவர் பரிந்துரைத்தார். 1975 இல் டெனே மக்கள் தம்மை ஒரு தேசிய இனமாக அறிவித்துக்கொண்டனர். 1982 அரசியலமைப்புச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு, பழங்குடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் உறுதிசெய்தது.

இதன் பின்னர் புதிய உடன்படிக்கைகள் பல உருவாயின:

- 1984: இனுவியாலுயிட் இறுதி உடன்படிக்கை
- 1992: குவிச்சின் நில உரிமை உடன்படிக்கை
- 1993: சாத்து டெனே, மெட்டிஸ் உடன்படிக்கை
- 2003: த்லிச்சோ உடன்படிக்கை. இது 2005 இல் நடைமுறைக்கு வந்தது. நில உரிமையையும் தன்னாட்சியையும் ஒருசேர வழங்கிய முதல் உடன்படிக்கை இப்பகுதியில் இதுவே. ஏறத்தாழ 39,000 சதுர கிலோமீட்டர் நிலம் த்லிச்சோ அரசின் உடைமையாயிற்று.
- 2016: டெலினே தன்னாட்சி அரசு செயற்படத் தொடங்கியது.

ஏப்ரல் 1, 2014 அன்று நிலம், நீர், கனிமம் ஆகியவை மீதான நிர்வாகப் பொறுப்பின் பெரும்பகுதி கூட்டரசிடமிருந்து நிலப்பகுதி அரசுக்கு மாற்றப்பட்டது. இம்மாற்றத்தை ஏற்ற பழங்குடி அரசுகளையும் நிலப்பகுதி அரசையும் இணைத்து, நிலம், வளம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான மன்றம் அமைக்கப்பட்டது. வள வருவாயில் நிலப்பகுதிக்குரிய பங்கில் 25 விழுக்காடு வரை பழங்குடி அரசுகளுடன் பகிரப்படுகிறது.

சட்டம் உருவான விதம்

2019 தேர்தலுக்குப் பின் அமைந்த 19 ஆவது சட்டமன்றம், சாற்றுரையை நடைமுறைப்படுத்துவதைத் தன் முன்னுரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. கருத்திணக்க ஆட்சியில் இந்த முன்னுரிமைகளைக் கட்சித் தேர்தல் அறிக்கை தீர்மானிப்பதில்லை. 19 உறுப்பினர்களும் கூடிப் பேசி வகுக்கின்றனர். முதல்வர் கரோலைன் காக்ரேன் தலைமையிலான அரசு, பழங்குடி அரசுகளுடன் இணைந்து முன்வரைவை உருவாக்கி 2023 இல் அவையில் வைத்தது.

அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் பெரும் காட்டுத்தீயினால் யெலோநைஃப் நகரம் முழுவதும் வெளியேற்றப்பட்டது. அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நவம்பர் 14 க்கு ஒத்திவைக்கப்பட்டது. கலையவிருந்த அவை மீண்டும் கூடி, இச்சட்டத்தையும் வேறு பல சட்டங்களையும் அக்டோபரில் நிறைவேற்றியது.

முக்கிய கூறுகள்

- சாற்றுரை நிலப்பகுதியின் சட்டங்களுக்குப் பொருந்தும் ஒரு பன்னாட்டு மனித உரிமை ஆவணம் என உறுதிசெய்தல்.
- பழங்குடி அரசுகளுடன் சேர்ந்து செயற்திட்டம் ஒன்றை வகுத்தல். இதற்கென இருதரப்புச் சார்பாளர்களைக் கொண்ட குழு அமைத்தல்.
- புதிய சட்ட முன்வரைவுகள் சாற்றுரையுடன் ஒத்துள்ளனவா என்பதை ஆராய்ந்து அறிக்கை தருதல்.
- பழங்குடி அரசுகளுடன் கூட்டாக முடிவெடுக்கும் ஒப்பந்தங்களுக்கு இடமளித்தல்.
- முன்னேற்றம் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை அளித்தல்.
- 35 ஆம் பிரிவின் கீழுள்ள உரிமைகளையும் உடன்படிக்கைகளையும் குறைக்காதிருத்தல்.

இறுதிக் கூறு குறிப்பிடத்தக்கது. பேச்சுவார்த்தை பல ஆண்டுகள் நடத்தித் தமக்கென உடன்படிக்கை பெற்ற மக்களும் இங்கு உள்ளனர். டேச்சோ, அக்கெய்ச்சோ போன்று நெடுங்காலமாகப் பேச்சுவார்த்தையில் இருந்துவந்த மக்களும் உள்ளனர். எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டம், முன்னவர்கள் பெற்றதைக் கீழே இறக்கிவிடக்கூடாது. பின்னவர்களைக் காத்திருக்க வைக்கும் சாக்காகவும் ஆகிவிடக்கூடாது.

ஒரு சட்ட முன்வரைவின் பாதை

நடைமுறையில் சிக்கல் எங்கே எழுகிறது என்பதை ஒரு சட்ட முன்வரைவு செல்லும் பாதையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

1. துறை அமைச்சர் சட்டத்துக்கான கருத்துருவை அமைச்சரவையில் வைக்கிறார். நிலைக்குழுவும் அதன்மீது கருத்துக் கூறுகிறது.
2. பழங்குடி அரசுகளைப் பாதிக்கும் சட்டமாயின், அவர்களது அலுவலர்களும் துறை அலுவலர்களும் ஒரே குழுவாக அமர்ந்து வரைவை எழுதுகின்றனர்.
3. முன்வரைவு அவையில் அறிமுகமாகிறது. இரண்டாம் வாசிப்பில் அதன் கொள்கை ஏற்கப்படுகிறது.
4. நிலைக்குழு ஊர்களுக்குச் சென்று பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. பின்னர் பிரிவு பிரிவாக ஆய்ந்து திருத்தங்களை முன்வைக்கிறது.
5. அமைச்சர் உடன்பட்டால் திருத்தம் முன்வரைவில் சேர்க்கப்படும். உடன்படாவிட்டால் முழு அவைக் குழுவில் அத்திருத்தத்தை மீண்டும் முன்மொழியலாம்.
6. மூன்றாம் வாசிப்புக்குப் பின் ஆணையர் ஒப்புதல் தருகிறார்.

சிக்கல் இரண்டாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையில் உள்ளது. இரண்டாம் படியில் பழங்குடி அரசுகள் சொல் சொல்லாகப் பேசி ஒரு வாசகத்துக்கு இசைகின்றன. நான்காம் படியில் அப்பேச்சுகளில் பங்கேற்காத உறுப்பினர்கள் அவ்வாசகத்தைத் திருத்த முனைகின்றனர். திருத்தம் நிறைவேறினால், பழங்குடி அரசுகள் இசைந்த சட்டம் அதுவன்று. திருத்தமே கூடாது என்றால், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் முத்திரை குத்துவோராக மட்டும் ஆகிவிடுவர்.

இது வெறும் கற்பனைச் சிக்கல் அன்று. 2009 இன் அருகிவரும் உயிரினங்கள் சட்டம், 2013 இன் காட்டுயிர்ச் சட்டம் ஆகியவை பழங்குடி அரசுகளின் பங்கேற்போடு எழுதப்பட்டன. 2019 இல் கனிம வளச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டமும் அவ்வாறு எழுதப்பட்டு அவைக்கு வந்தபோது, நிலைக்குழுவின் திருத்தங்கள் குறித்து அமைச்சர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் எழுந்தன. இதன் பிறகு, அரசுகளுக்கிடையிலான மன்றம் 2020 இல் சட்ட உருவாக்க நெறிமுறை ஒன்றை வகுத்தது. நிலைக்குழுவின் ஆய்வுக் கட்டத்தில் பழங்குடி அரசுகள் எவ்வாறு தொடர்புகொள்வது என்பதற்குச் சட்டமன்றமும் தன் பங்குக்கு ஒரு நடைமுறை மரபை உருவாக்கியது. 2023 இல் நிறைவேறிய வனச் சட்டம் இவ்வகைக் கூட்டு முயற்சியில் எழுதப்பட்டதே.

யார் சார்பாளர்?

சட்டமன்ற உறுப்பினர்களில் பலர் பழங்குடியினர். அப்படியிருக்க, அவர்கள் அளிக்கும் வாக்கே பழங்குடி மக்களின் இசைவு ஆகாதா என்ற கேள்வி எழலாம்.

ஆகாது என்பதே சாற்றுரை தரும் விடை. உறுப்புரை 18, 19 ஆகியவை மக்கள் தாமே அமைத்துக்கொண்ட நிறுவனங்களைக் குறிப்பிடுகின்றன. ஒரு சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதியில் வாழும் அனைவருக்கும் பொறுப்பானவர். த்லிச்சோ அரசோ டெலினே அரசோ தம் மக்களுக்கும் அவர்களது உடன்படிக்கைக்கும் பொறுப்பானவை. ஒருவரே இரண்டிலும் வாக்களிக்கலாம். ஆனால் இரண்டு வாக்குகளின் பொருளும் ஒன்றன்று.

இவ்வேறுபாடு 1999 இல் கூர்மையாக வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று நூனவுட் தனி நிலப்பகுதியாகப் பிரிந்தபின், மேற்கே எஞ்சிய பகுதிக்கு 14 தொகுதிகள் இருந்தன; யெலோநைஃப்புக்கு அவற்றில் நான்கு மட்டுமே. நகர வாக்காளரின் வாக்கு மதிப்புக் குறைவாக உள்ளது என்று வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்றது. தொகுதிகள் 19 ஆகவும், யெலோநைஃப்பின் பங்கு ஏழாகவும் உயர்ந்தன. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அளவுகோலில் அது நியாயமான முடிவு. எனினும் தலைநகரின் எடை கூடியதால், சிற்றூர்களில் வாழும் பழங்குடி மக்களின் குரல் அவையில் தேய்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. எண்ணிக்கையைச் சாராத உரிமைகளுக்கு, எண்ணிக்கையால் அமைந்த அவையைத் தவிர வேறோர் இடமும் தேவை என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டு ஆகும்.

குழந்தைகள் நலம்: ஓர் எடுத்துக்காட்டு

நிலமும் கனிமமும் மட்டுமே இச்சட்டத்தின் பொருள் அல்ல. 1994 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் மூலம், பழங்குடி வழக்காற்றின்படி நடந்த தத்தெடுப்புகளை நிலப்பகுதி அரசு ஏற்கெனவே ஏற்று வந்தது. நவம்பர் 2021 இல் இனுவியாலுயிட் மக்கள் தம் குழந்தைகள், குடும்பங்கள் நலன் குறித்துத் தாமே ஒரு சட்டம் இயற்றினர். பழங்குடி அரசுகளின் இத்தகைய அதிகாரத்தை ஏற்கும் கூட்டரசுச் சட்டம் செல்லும் எனக் கனடிய உச்ச நீதிமன்றம் பெப்ரவரி 2024 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2021 ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாகச் சாற்றுரை கூட்டரசின் உள்நாட்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இதன் விளைவு தெளிவானது. குடும்பத்திலிருந்து பிரிக்கப்படும் நிலையில் உள்ள ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை எந்தச் சட்டத்தின்படி, யார் முடிவு செய்வது என்பதற்கு நிலப்பகுதித் துறையும் பழங்குடி அரசும் ஒன்றாக விடை காண வேண்டியுள்ளது. அதிகாரத்தைக் காகிதத்தில் ஏற்பது எளிது. பணியாளர், நிதி, பதிவேடு, பொறுப்பு ஆகியவற்றைக் கைமாற்றுவதே கடினமான பகுதி.

நூனவுட்டுடன் ஒப்பீடு

கருத்திணக்க ஆட்சி நடைபெறும் மற்றொரு நிலப்பகுதி நூனவுட். அங்கு மக்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இனுவிட். ஒரே பெரும் உடன்படிக்கை முழு நிலப்பகுதியையும் தழுவுகிறது. எனவே அவையின் பெரும்பான்மையும் பழங்குடி மக்களின் விருப்பமும் பெரும்பாலும் நெருங்கியிருக்கும். அங்கேகூட, சமூக, பண்பாட்டுக் கொள்கைகளை வகுப்பதில் இனுவிட் பங்கேற்பை உடன்படிக்கையின் 32 ஆம் உறுப்பு தனியே வலியுறுத்துகிறது. வடமேற்கு நிலப்பகுதிகளில் உடன்படிக்கைகள் பல, அரசுகள் பல, மொழிகள் பல. எனவே அங்கு இணக்கம் காணும் பணி மேலும் சிக்கலானது.

விமர்சனங்களும் வரம்புகளும்

- தடுப்பு அதிகாரம்: இசைவு என்பது தடுப்பு அதிகாரம் (வீட்டோ) ஆகிவிடும் என்பது ஓர் எதிர்ப்பு. சாற்றுரையின் வாசகம் இசைவைப் பெறும் நோக்கோடு கலந்து பேசும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. இசைவு கிடைக்காதபோது என்ன செய்வது என்பதை அது விரிவாகக் கூறவில்லை.
- மறைவுத்தன்மை: வரைவைப் பழங்குடி அரசுகள் காணும் நேரத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் பொதுமக்களும் காண இயலாத நிலை ஏற்படலாம்.
- வலு: சில நூறு பேர் வாழும் ஊரின் அரசுக்கு வழக்கறிஞர்களும் நிலவியலாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் எளிதில் கிடைப்பதில்லை. ஒரே சமயத்தில் பல சட்டங்கள் கலந்தாய்வுக்கு வரும்போது, பங்கேற்கும் உரிமை இருந்தும் பங்கேற்க இயலாமல் போகலாம்.
- காலம்: அவையின் ஆயுள் நான்கு ஆண்டுகள். கட்சிகள் இல்லாததால் ஓர் அவையின் முன்னுரிமை அடுத்த அவையைத் தாமாகவே பிணைப்பதில்லை. செயற்திட்டமும் ஆண்டறிக்கையும் சட்டத்தில் எழுதப்பட்டதன் பயன் இங்கே விளங்கும். உறுப்பினர்கள் மாறினாலும் கடமை மாறுவதில்லை.
- அதிகார எல்லை: நிலப்பகுதியின் அதிகாரம் கூட்டரசுச் சட்டத்தால் வழங்கப்பட்டது, அதன் வருவாயின் பெரும்பகுதியும் கூட்டரசிடமிருந்தே வருகிறது. எனவே நிலப்பகுதி தனித்துச் செய்யக்கூடியவற்றுக்கு எல்லை உண்டு.

சட்டமன்றச் செங்கோலில் "ஒரே நிலம், பல குரல்கள்" எனப் பொருள்படும் சொற்கள் நிலப்பகுதியின் அலுவல் மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளன. 2023 ஆம் ஆண்டின் சட்டம் அக்குரல்களில் சில அவைக்கு வெளியே, தமக்குரிய அரசுகளிலிருந்து எழுகின்றன என்பதைச் சட்டவடிவில் ஏற்றுள்ளது. அக்குரல்கள் இசைந்த வாசகத்தை அவை திருத்த முற்படும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொண்டே இச்சட்டத்தின் வெற்றி அளவிடப்படும் எனலாம்.